அணுவின் உருவமும் அளவை நெறியும்

அணு என்னுஞ் சொல் நம் நூல்களிலும் மேனாட்டார் நூல்களின் மொழிபெயர்ப்புகளிலும் ஒருங்கே வழங்கி வருகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள் ஒன்று உண்டென்று கருத்தளவையாற் கொண்ட அறிஞர், அவ்வளவில் அமையாது, அதற்கு ஓர் உருவமும் வகுத்துக்கொண்டனர். ஒருவர் உருண்டை என்றார். ஒருவர் விதை பொதிந்த பழம் போன்றது என்றார். ஒருவர் ஞாயிற்றைச் சூழ்ந்த கோள்களைப் போன்றது என்றார். பின்வந்தோர் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கினர். அங்ஙனம் விலக்கப்பட்ட உருவங்கள் மெய்யா, பொய்யா? பொய்யெனின், அவற்றை இன்றும் பள்ளிச் சிறார்க்கு வரைந்து காட்டுதல் அறமாகுமா? அவற்றுள் ஒன்றைத் தம் சமயக் கொள்கைக்குச் சான்றாக எடுத்தாளுதல் சமயத்தார்க்குத் தகுமா?

பௌதிக நூலார் ஆராய வேண்டிய இதனைச் சித்தாந்தப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சிவஞான சித்தியார் பதி பசு பாசங்களை ஆராயப் புகுமுன் அளவை கூறியே தொடங்குகின்றது. ஒரு பொருளை அறிந்தேன் என்று ஒருவன் கூறுங்கால், கண்டு அறிந்தானா, கருதி அறிந்தானா, கேட்டு அறிந்தானா என்பதைப் பிரித்துக் காணாமல் மேற்செல்லுதல் நம் ஆசிரியர்க்கு உடன்பாடன்று. அணுவின் உருவம் பற்றிய வழக்கு முழுதும் இந்தப் பிரிவினையைப் பற்றியதே.

அனந்தபுரத்தையும் செஞ்சியையும் உள்ளிட்ட இந்நாட்டுக்கு இவ்வழக்கு புதியதன்று. செஞ்சி என்றவுடன் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின்மேல் நின்ற கோட்டையையே யாவரும் நினைப்பர். அக்கோட்டைக்கு அணித்தாகச் சிறுகடம்பூரை அடுத்துள்ள திருநாதர்குன்றை நினைப்பவர் சிலரே. ஆங்கு ஒரு பெரும்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வர் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைக் கூறும் தொன்மையான கல்வெட்டு ஒன்றும் அக்குன்றில் உண்டு. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இவ்வட்டாரத்து மேல்சித்தாமூரில் இன்றும் விளங்குகின்றது. ஆகவே, பரமாணுவை ஒரு கொள்கையாக மட்டுமன்றி வாழ்நெறியின் பகுதியாகவும் கொண்ட மக்கள் இப்பாறைகளுக்கிடையே பல நூற்றாண்டு வாழ்ந்தனர், வாழ்கின்றனர் என்க.

அவர்தம் நூல்கள் சடப்பொருளைப் புற்கலம் என்னும். அதன் இறுதிக் கூறு பரமாணு. அதற்கு மேலும் பகுப்பில்லை. ஒவ்வொரு பரமாணுவும் ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இருவகை ஊறு உடையது. பரமாணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதற்கு அவற்றின் நெய்ப்பும் வறட்சியும் காரணம் என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும். நெய்ப்பு வறட்சி என்பவற்றை இக்காலத்து நேர் மின், எதிர் மின் என்று பொருள்கொண்டு வியப்போர் உளர். அது நூலாசிரியர் கருதாததை அவர் வாயில் இடுவதாகும். மாவும் எண்ணெயும் கூடித் திரள்வதையும் உலர்ந்த மணல் திரளாதிருப்பதையும் கண்ட ஒருவனுக்குத் தோன்றக்கூடிய நல்ல உவமை அது. அவ்வளவே கொள்ளத்தக்கது.

மணிமேகலை வஞ்சி மாநகரிற் சமயக் கணக்கர் பலரை வினவியபோது ஆசீவகர் கூறியதாகச் சாத்தனார் அமைத்த பகுதி இதனினும் நுட்பமானது. நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களோடு உயிர் அணுவையும் சேர்த்து ஐந்து என்பது அவர் கொள்கை. அவ்வணுக்கள் புதிதாகத் தோன்றா, அழியா, ஒன்றனுள் ஒன்று புகா, பிளவுபடா. கூடியும் பிரிந்தும் உலகப் பொருள்களாம். தனி அணுவைத் தெய்வக்கண் உடையாரன்றிப் பிறர் காணார். பிறர்க்கு அது உண்டென்று தெரிவது எங்ஙனம் எனின், மாலைப்பொழுதில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாதாயினும் திரண்ட மயிர் தெரிதல் போல என்று விடை கூறுகின்றனர். இவ்விடையின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன். யாம் கண்டோம் என்று அவர் கூறவில்லை. திரளைக் கண்டு தனியைக் கருதினோம் என்கின்றனர். கருதியதை விளக்க மயிரை உவமை காட்டுகின்றனர். காட்சி எங்கே முடிகின்றது, கருதல் எங்கே தொடங்குகின்றது, உவமை எங்கே துணைக்கு வருகின்றது என்பது மூன்று வரம்பாக விளங்குகின்றது.

வைசேடிகர் சாளரத்தின் வழி நுழையும் கதிரில் மிதக்கும் துகளை எடுத்துக்காட்டினர். இரு பரமாணு கூடி ஓர் இணையும், மூன்று இணை கூடிக் கண்ணுக்குத் தெரியும் அத்துகளும் ஆம் என்பது அவர் கணக்கு. இவர் அனைவர்க்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்று உண்டு. பகுப்பில்லாத பொருள் மற்றொன்றோடு எவ்வாறு பொருந்தும்? ஓர் அணுவைச் சூழக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மேல், கீழ் என ஆறு அணு வந்து பொருந்தின், நடுவணுவுக்கு ஆறு பக்கம் உண்டாயிற்று. பக்கம் உண்டேல் பகுப்பும் உண்டாயிற்று. ஆறும் ஒரே இடத்திற் பொருந்தின எனின், ஏழும் ஓரணுவின் பருமையே உடையனவாய், மலையும் அணுவளவே ஆகவேண்டும். பௌத்தருள் வசுபந்து எழுப்பிய இத்தடைக்கு அணுவாதிகள் எளிதில் விடை காணவில்லை.

நடுநாட்டுத் திருத்துறையூரில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் சித்தியார்ப் பரபக்கத்தில் ஆசீவகர் கொள்கையையும் எடுத்துரைத்து மறுத்தார். அணுவே இல்லை என்பதன்று சித்தாந்தத்தின் மறுப்பு. பலவாயும் சடமாயும் உள்ளது எதுவோ அது குடமும் ஆடையும் போலக் காரியப்பொருளே. ஆதலின் அணு முதற்காரணமாகாது. அதற்கு மேலும் மாயை என்னும் ஒரு முதல் வேண்டும். சடமாகிய அணு தானே கூடுதலும் தானே பிரிதலும் செய்யாது, செய்விப்பான் ஒருவன் வேண்டும் என்பதே சித்தாந்தத்தின் உள்ளக்கிடக்கை. இம்மறுப்பு அணுவின் வடிவத்தைப் பற்றியதன்று என்பதை அன்பர் ஊன்றி நோக்குக. அணு உருண்டையாயினும், பழமாயினும், கோள்மண்டிலமாயினும் இது அசையாது நிற்கும். வீழ்வதாயின் வேறு தருக்கத்தால் வீழும்.

மேனாட்டில் 1808-ஆம் ஆண்டு டால்ட்டன் தம் நூலை வெளியிட்டபோது அவர் கொண்ட அணுவும் பகுப்பற்ற உருண்டையே. ஆயின் அவர் நிறை கண்டார். எப்பொருள் எப்பொருளோடு எவ்விகிதத்திற் கூடும் என்று அளந்தார். அளவு வந்தமையால் அவ்வணு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உழைத்தது. 1897-இல் தாம்சன் என்பார் எல்லாப் பொருளிலிருந்தும் வெளிப்படும் மிக இலேசான எதிர்மின் துகளைக் கண்டு நிறுவினார். எலக்ட்ரான் எனப்படும் அம்மின்னணு அணுவின் பகுதியாதலின் அணு பகுக்கப்பட்டது. உடனே நம்மவருள் சிலர், ‘அணு காரியப்பொருளே என்ற சித்தாந்தம் வென்றது’ என்று மகிழ்வாராயின், அது சிறிது விரைவாகும். டால்ட்டன் அணு என்று பெயரிட்டது வேறு; வைசேடிகர் பரமாணு என்றது வேறு. ‘நீர் பிளந்தது எம் பரமாணுவை அன்று, அதற்குள் உள்ளதே எம்முடையது’ என்று வைசேடிகன் கூறினால் என் செய்வது? பெயர் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நம் நூல்களிலேயே உயிரையும் அணு என்பதுண்டு. எங்கும் நிறைதற்குரிய உயிரை அணுத்தன்மைப்படுத்துவதாற்றான் மூலமலம் ஆணவம் எனப் பெயர் பெற்றது. அதை எலக்ட்ரானோடு இணைப்பாரும் உளராகலின் இதனை ஈண்டுக் கூறினேன்.

தாம்சன் 1904-இல் தம் அணுவுக்கு ஓர் உருவம் அமைத்தார். நேர்மின் ஓர் உருண்டை முழுதும் பரந்து நிற்க, அதனுள் எலக்ட்ரான்கள் ஆங்காங்கு பதிந்திருக்கும் என்றார். மேனாட்டார் இதனை உலர்பழம் இட்ட பண்டத்துக்கு ஒப்பிடுவர். நமக்கு அரிந்த கொய்யாப்பழம் போதும். அதே 1904-இல் யப்பானியராகிய நாகஓகா, நடுவே பெருங்கருவும் அதனைச் சூழ்ந்து சனிக்கோளின் வளையம்போல் எலக்ட்ரான்களும் என்று வேறோர் உருவம் வகுத்தார். அவ்வளையம் நிலைத்து நில்லாது என்று தடை கூறப்பட்டது.

இவ்வுருவங்களைச் சோதித்தது 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் ரதர்போர்டின் கீழ் நடத்திய சோதனை. மெல்லிய உலோகத் தகட்டின்மேல் ஆல்பாத் துகள்களை விடுத்தனர். கொய்யாப்பழம் போன்ற அணுவாயின் அவை சிறிதே விலகி ஊடுருவ வேண்டும். பெரும்பாலன அவ்வாறே சென்றன. ஆயின் பிளாட்டினத் தகட்டில் ஏறத்தாழ 8000-இல் ஒன்று எதிர்த்துத் திரும்பி வந்தது. எட்டாயிரத்தில் ஒன்றைப் பிழையென்று தள்ளிவிடுதல் மிக எளிது. அதனைத் தள்ளாது வைத்து ஈராண்டு எண்ணிய பின்னரே, 1911-இல், அணுவின் நிறை முழுதும் நடுவே மிகச் சிறிய இடத்திற் செறிந்துள்ளது என்று ரதர்போர்டு வெளியிட்டார். பொன்னணுவின் கருவைக் கடுகின் அளவாகக் கொண்டால் அணு முழுதும் ஏறத்தாழ 40 மீட்டர் குறுக்களவு உடையதாகும். செஞ்சிக் கோட்டையின் கற்பாறையும் இங்ஙனம் பெரும்பாலும் வெளியே.

இவ்வுருவத்திலும் பெருங்குறை ஒன்று இருந்தது. வளைந்து சுழலும் மின்துகள் ஒளியை வீசி ஆற்றலை இழக்கவேண்டும் என்பது அக்காலத்து மின்னியலின் துணிபு. அங்ஙனமாயின், ஒரு விநாடியைப் பதினாயிரங்கோடிக் கூறிட்டால் வரும் ஓரிரு கூறுக்குள் எலக்ட்ரான் சுழன்று சுழன்று கருவில் வீழ்ந்துவிடும். பல கோடி ஆண்டாக இராசகிரி நிற்கின்றது. கணக்கின்படி அதன் ஓரணுவும் கண்ணிமைக்கும் பொழுதுகூட நில்லாது. காட்சியோடு முரணும் கருதல் அளவையாகாது அன்றோ?

டென்மார்க்கு நாட்டினராகிய போர் 1913-இல் ஒரு துணிவான வழி கண்டார். குறித்த சில வட்டங்களில் மட்டும் எலக்ட்ரான் சுழலும். அவற்றில் இருக்கும்வரை ஒளி வீசாது. ஒரு வட்டத்தினின்று மற்றொன்றுக்குத் தாவும்போதே வீசும் என்றார். ஏன் அவ்வாறு என்றதற்கு அவரிடம் விடையில்லை. ஆணை போல விதித்தார். ஆனால் நீரக வாயுவின் நிறமாலைக் கோடுகளுக்கு 1885-இல் பால்மர் கண்டிருந்த எண்முறை அவ்விதிகளிலிருந்து அப்படியே பிறந்தது. கற்றோர் வியந்தனர், சாமர்பெல்டு 1916-இல் வட்டத்தோடு நீள்வட்டமும் சேர்த்தார்.

அவ்வுருவம் தோற்ற இடம் எதுவெனின், நீரகத்துக்கு அடுத்ததாகிய ஹீலியம். அதன் வரலாறு நம் நாட்டைத் தொட்டுச் செல்வது. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை, அக்காலத்துச் சென்னை இராசதானியைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரராகிய ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானிலையத்துப் போக்சனும் நிறமாலைக் கருவிகொண்டு நோக்கினர். அவ்வாண்டில் ஞாயிற்றொளியில் அறியப்பட்ட மஞ்சட்கோடு ஒன்று உலகில் அறிந்த எப்பொருளுக்கும் பொருந்தவில்லை. ஞாயிற்றின் பெயரால் ஹீலியம் எனப்பட்ட அப்பொருளை 1895-இலேயே ராம்சே நிலவுலகிற் கண்டார். ரதர்போர்டு எய்த ஆல்பாத் துகளும் ஹீலியத்தின் கருவே என்று பின்னர்த் தெளிவாயிற்று.

இனி ஹீலிய அணுவில் எலக்ட்ரான் இரண்டு. ஒன்றை நீக்கி ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் போரின் கணக்கு மிகச் செம்மையாகப் பொருந்தியது. அது அவருடைய வெற்றிகளுள் ஒன்று. இரண்டும் இருக்கும்போதோ, வல்லுநர் பலர் ஆண்டுக்கணக்காக முயன்றும் பொருந்தவில்லை. அக்கிரகண காலத்து மஞ்சட்கோடு இரண்டு எலக்ட்ரானும் உள்ள ஹீலியத்தின் கோடு. காந்தப்புலத்திற் கோடுகள் பிரியும் முறையையும், ஒரு கோடு மங்கலாயும் ஒன்று ஒளிர்ந்தும் இருப்பதன் காரணத்தையும் வட்டங்களால் முற்றக் கூற இயலவில்லை. 1925-இல் ஹைசன்பர்க், ஒருவரும் காணாத வட்டங்களைப் பேசுவதை விடுத்து, காணப்படுவனவாகிய ஒளியின் அதிர்வையும் வலிவையும் மட்டும் கணக்கிற் கொள்வோம் என்று தொடங்கினார். 1926-இல் சிரோடிங்கர் அலைக்கணக்கு வகுத்தார். எலக்ட்ரான் இன்ன பாதையிற் செல்கின்றது என்னும் பேச்சு அத்துடன் ஒழிந்தது.

அங்ஙனமாயின் பன்னிரண்டு ஆண்டுக்குள் எழுந்து மாய்ந்த இவ்வட்டங்கள் வீணா? வீணன்று. வங்காளத்து மேகநாத சாகா 1920-இல் விண்மீன்களின் வெப்பத்தையும் அவற்றின் நிறமாலையையும் இணைக்கும் சமன்பாட்டை எழுதியபோது, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்னும் அக்காலத்து அணுக்கொள்கையையே துணைக்கொண்டார். வட்டம் போயிற்று, சாகாவின் சமன்பாடு இன்றும் வானநூலார் கையில் உள்ளது.

நம் ஆசிரியர் பத்து அளவைகளை எண்ணி, அவற்றுள் ஒப்பு முதலியவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினர். ஒப்பு தனித்து நின்று பொருளை நிறுவாது என்பது இதன் கருத்து. உவமை ஒருபுடையே ஒக்கும். முகத்தை மதி என்றவன் அதன் களங்கத்தைத் தேடமாட்டான். அணுவைக் கோள்மண்டிலம் என்றவிடத்து ஒத்த புடை, நடுவே நிறை மிக்கது ஒன்று உண்டென்பதும், ஈர்ப்பு விசை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதும் ஆம். ஒவ்வாத புடை பாதை. ஒருபுடை உவமையை முற்றுவமையாகக் கொண்டு, கருதலுக்குத் துணைவந்ததைக் காட்சியென்று நம்பும்போதே திரிபு பிறக்கின்றது. ஆகவே அவ்வுருவங்களைப் பொய் என்பதினும், வரம்பு குறிக்கப்படாத உவமை என்றல் பொருந்தும். ‘1981-க்குப் பின் வந்த ஊடுருவு மின்னோட்ட நுண்காட்டியால் அணுக்களைக் கண்டுவிட்டோமே’ என்பாரும் உளர். அக்கருவி ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அவ்வளவுகளைப் படமாக எழுதுகின்றது. மாலைப்பொழுதின் மயிர்த்திரளினும் அது மிக நெருங்கியதே; ஆயினும் கருதல் கலந்த காட்சியே.

இனிச் சமயத்தார்பால் வருவோம். இது கூறுதற்குச் சிறிது கசப்பானது. ‘கருவைச் சுற்றி எலக்ட்ரான் ஓயாது சுழல்கின்றதே, அதுவே கூத்தப்பெருமான் திருநடனம், இதை நம் முன்னோர் அன்றே கண்டனர்’ என்று மேடைதோறும் கூறப்படுகின்றது. 1912-இல் ஆனந்த குமாரசுவாமி சித்தாந்த தீபிகையில் சிவநடனத்தைப் பற்றி எழுதியபோது, அவர் விளக்கம் உண்மை விளக்கம் முதலிய நூல்களின்மேல் நின்றது. துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், அனலில் ஒடுக்கமும் என ஐந்தொழிலைக் காட்டியது. 1975-இல் காப்ரா என்னும் பௌதிக அறிஞர் தம் நூலில் துகள்கள் தோன்றி ஒடுங்குதலை அந்நடனத்தோடு ஒப்பிட்டார். 2004-இல் செனீவா அருகே ஐரோப்பிய அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் நம் அரசு அளித்த நடராசத் திருமேனி நிறுவப்பட்டது. இவை உவமையாக அழகியன. உவமையாக மட்டும் நிற்குமளவும் குற்றமில்லை. மேடையில் நிகழ்வதோ வேறு. பௌதிக நூலாரே 1925-இற் கைவிட்ட வட்டத்தை நம்மவர் சான்றாக்குகின்றனர். நம் கொள்கைக்கு அவ்வட்டம் சான்றாயின், அது வீழ்ந்த அன்றே நம் கொள்கையும் வீழ்ந்திருத்தல் வேண்டும். வீழவில்லை எனின், அது ஒருபோதும் சான்றாய் இருந்ததில்லை. கேட்கும் இளைஞன் கல்லூரிக்குச் சென்று இரண்டாம் ஆண்டில் எலக்ட்ரானுக்குப் பாதையில்லை என்று கற்பான். அன்று அவன் ஐயுறுவது பேச்சாளரை மட்டுமா? பேச்சாளர் தொட்ட உண்மை விளக்கத்தையும் சேர்த்தே ஐயுறுவான். பிறர் தம் உழைப்பாற் கண்டதை, அவர் வைத்த வரம்பை நீக்கி நம் பொருட்டுச் சாட்சி சொல்ல வைத்தல், பொய்ச்சாட்சியின் பாற்படும் என்றே நான் கருதுகின்றேன்.

பள்ளியாசிரியர் நிலை வேறு. சர்வதேச அணுசக்தி முகமையின் முத்திரையே அவ்வட்டங்களை ஏந்தி நிற்கும்போது, கரும்பலகையில் வட்டம் வரையாதே என்று அவரைத் தடுத்தல் நடவாத காரியம். தடுக்கவும் வேண்டுவதில்லை. மணநாளில் அருந்ததி காட்டுவோர் முதலிற் பெரிய மீன் ஒன்றைச் சுட்டி, ‘அதனைப் பார்’ என்பர். கண் அங்கு நிலைத்தபின், ‘அதுவன்று, அதனருகே மங்கலாய்த் தெரிவதே’ என்பர். பெரிய மீனைக் காட்டியது வஞ்சனையன்று. இரண்டாவது சொல்லைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் வஞ்சனையாகும். நம் பாடநூல்கள் பல வட்டத்தைக் காட்டி, தேர்வில் அதனையே வரையச் சொல்லி மதிப்பெண் இட்டு, எழுந்து போய்விடுகின்றன. அப்பாடத்தின் முடிவில் ஹீலியத்தின் மஞ்சட்கோட்டைக் குறித்து, இவ்வட்டங்களால் இதனைக் கணிக்க இயலவில்லை என்று இரண்டு வரி சேர்த்தாற் போதும். பிள்ளைகள் குழம்புவர் என்பது போதிய தடையன்று; அருந்ததி பார்க்கும் மணமகளும் வானநூல் பயின்றவள் அல்லள்.

‘பின்னை அணு எவ்வாறுதான் இருக்கும், ஐயா?’ என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பான். வட்டம் போனபின் அதற்கு ஈடாக வரையத்தக்க மற்றொரு படம் ஆசிரியரிடம் இல்லை. 1929-இல் நார்வே நாட்டு ஹில்லராஸ், பாதை எதனையும் கொள்ளாது புதிய அலைக்கணக்கைக் கொண்டே ஹீலியத்தின் ஆற்றலை எண்ணினார் என்றும், சோதனையில் அளந்த எண்ணோடு அது மிக நெருங்கிப் பொருந்தியது என்றும் அவனுக்குச் சொல்லலாம்.